குழாயில் வந்த பேச்சு

எங்கள் உப்போடை நகராட்சியில் குழாயில் தண்ணீருக்குப் பதிலாகப் பேச்சு வர ஆரம்பித்தது சித்திரை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால் மணிக்கு. ஒன்பதாவது வார்டு பொதுக்குழாயில் முதல் குடம் ஜக்கம்மாவுடையது. குழாய் வழக்கம்போல நாலு தடவை இருமி, காற்றைத் துப்பி, துரு நாறும் சொட்டு ஒன்றை விட்டு, பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ‘மாண்புமிகு தலைவர் அவர்களே’ என்றது. ஜக்கம்மா குடத்தை எடுக்கவில்லை. குழாயில் எது வந்தாலும் சரி, குடத்தை நகர்த்தினால் இடம் போய்விடும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். குடம் நிறைந்தது. அதை இடுப்பில் ஏற்றி, “கனமாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள், அடுத்த குடம் குழாயடிக்கு நகர்ந்தது.

அந்தப் பேச்சு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தண்ணீரின் கனம் இருந்தது, தண்ணீர் மாதிரியே தளும்பியது, குடத்தின் வாயில் காதை வைத்தால் உள்ளே யாரோ யாரையோ விரல்நீட்டி ஏசுவது கேட்டது, சாய்த்து ஊற்றினால் தரையில் வழிந்தபடியே பேசி, சாக்கடையில் இறங்கி, தெருமுனை வரைக்கும் பேசிக்கொண்டே போனது. வாடையைத்தான் பொறுக்க முடியவில்லை. பல பேருடைய எச்சில் தெறித்துக் காய்ந்த மைக்கின் வாடையும் ஆறிப்போன வடை எண்ணெயின் வாடையும் சேர்ந்து அடித்தது. அதில் பாத்திரம் கழுவியவர்கள் பாத்திரத்தில் பிசுக்கு ஏறியது. துணி அலசியவர்கள் துணியைத் தூக்கி எறிந்தார்கள். முருங்கைக்கு ஊற்றிய வீட்டில் ஒரே பகலில் இலை முழுக்கக் கொட்டியது. குடித்த ஆடுகள் நடுரோட்டில் நின்றுகொண்டு, இந்தப் பக்கமும் போகாமல் அந்தப் பக்கமும் போகாமல், பஸ் டிரைவர்களிடம் திட்டு வாங்கின.

ஏன் வந்தது என்று நாங்கள் ரொம்ப யோசிக்கவில்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளி ஆற்றங்கரையில் இருந்த மோட்டார் மாசி மாதமே கருகிப்போயிருந்தது. அங்கிருந்து ஊர்வரைக்கும் குழாய் வெறுமனே கிடந்தது. “வெறுங்குழாயில என்னமாவது வந்துதான ஆகணும்” என்று வால்வு திறக்கிற சமுத்திரம் சொன்னார். அதோடு அந்த விஷயத்தை விட்டுவிட்டோம்.

புது மோட்டாருக்கு முப்பத்தெட்டு லட்சம் வேண்டும். அதை நகராட்சி பட்ஜெட்டில் சேர்த்துப் பங்குனி முடிவதற்குள் மன்றம் நிறைவேற்றியிருக்க வேண்டும். எங்கள் மன்றத்தில் இருபத்துநாலு கவுன்சிலர்கள், பன்னிரண்டு பேர் ஏணிக் கட்சி, பன்னிரண்டு பேர் குடைக் கட்சி. தலைவர் யார் என்பதையே சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் எடுத்தார்கள். ஏணிக் கட்சி தனுஷ்கோடி பெயர் வந்தது, அவர் தலைவரானார். சரிசமமாக நின்றால் தலைவர் இன்னொரு ஓட்டுப் போடலாம் என்ற சட்டத்துக்குக் குடைக் கட்சி வன்னியராஜ் கோர்ட்டில் தடை வாங்கி வைத்திருந்தார். ஆக, எந்தத் தீர்மானத்துக்கும் பன்னிரண்டு கை இந்தப் பக்கம், பன்னிரண்டு கை அந்தப் பக்கம். மோட்டார் வேண்டும் என்று இருபத்துநாலு பேரும் சொன்னார்கள், ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் நிறைவது வடக்குத் தொட்டியா தெற்குத் தொட்டியா என்பதில் ஒரு கூட்டம் போனது, கல்வெட்டில் யார் பெயர் மேலே வரும் என்பதில் மூன்று கூட்டம் போனது, முந்தின கூட்டத்தில் யார் முதலில் செருப்பைக் கழற்றினார் என்பதில் ஒரு கூட்டம் போனது. ஒவ்வொரு கூட்டமும் ஒரே மாதிரி முடிந்தது. ஒரு கட்சி வெளிநடப்புச் செய்தது, தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்தார். வெளிநடப்புச் செய்தவர்களும் ஒத்திவைத்தவர்களும் எதிரே சன்னாசி டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் டீக்கு மற்றவர் காசு கொடுத்தார்கள். கூட்டச் செலவில் டீக்கும் வடைக்கும் ஆகிற தொகை மட்டும் எப்போதும் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது.

கூட்டம் நடந்த மறுநாள் காலையில் குழாய் வரும். நாங்கள் பழகிக்கொண்டோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: ஒரே மாதத்தில் பழகிக்கொண்டோம். குழாயடியில் வரிசை பழைய வரிசையாகவே இருந்தது, சண்டையும் பழைய சண்டையாகவே இருந்தது, ‘உன் குடம் எப்ப வந்துச்சு, என் குடம் எப்ப வந்துச்சு’ என்று பேச்சைப் பிடிக்கப் பேச்சால் அடித்துக்கொண்டோம். பிறகு வரிசையே இரண்டானது. ஏணிக்காரர்கள் ஏணிக் கவுன்சிலர் பேசும்போது மட்டும் குடத்தை நீட்டினார்கள், குடைக்காரர்கள் அது முடியும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். தன் கட்சிப் பேச்சில் வாடையே இல்லை என்று சத்தியம் செய்தவர்கள் இருந்தார்கள். நாலு பேர் பார்க்க அதை டம்ளரில் ஊற்றி மடக்மடக்கென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். அப்படிக் குடித்த ஏணிக்காரரும் குடைக்காரரும் பெரியாஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்து, ஒரே வாளியில் வாந்தியெடுத்தபடி, நடுவில் கிடைத்த நேரத்தில் ஒருவரையொருவர் திட்டினார்கள். தண்ணீர் வரி ரசீது அந்த மாதமும் வீட்டுக்கு வந்தது, கட்டினோம்.

குடிக்க என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். வசதியுள்ளவர்கள் லாரித் தண்ணீர் வாங்கினார்கள், ஊரில் ஓடிய ஆறு லாரியும் தனுஷ்கோடியுடையவை. மற்றவர்கள் கேன் தண்ணீர் வாங்கினார்கள், கேன் கம்பெனி வன்னியராஜுடையது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே வாங்கினோம், தெரிந்துகொண்டே வரிசையில் நின்றோம், சாயங்காலம் சன்னாசி கடையில் உட்கார்ந்து எந்தப் பக்கம் நியாயம் அதிகம் என்று பேசினோம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டோம், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வைகாசி மாதத்துக் கூட்டம் ஒன்றில் வன்னியராஜ் தனுஷ்கோடியைத் திருடன் என்றார். அடுத்த கூட்டத்தில் தலைவர் எழுந்து, அந்தச் சொல் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்று அறிவித்தார். அவர் அறிவித்த அதே நிமிஷத்தில், மூடிபோட்டு அடுப்படி மூலையில் வைத்திருந்த ஜக்கம்மாவின் குடத்தில் பேச்சு நாலு விரல் இறங்கியது. ஊர் முழுக்க அப்படித்தான். மன்றம் நீக்கிய சொல் எங்கே இருந்தாலும், குடத்திலோ வாளியிலோ, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அதன்பிறகு கூட்ட நாட்களில் குடம் லேசானால், ‘என்னமோ நீக்கிட்டாங்க’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தோம்.

இந்த ஒன்பதாவது வார்டில்தான் மாரீஸ்வரி இருந்தாள். தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடுக்குகிற வேலை, புருஷன் திருப்பூரில், வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். ஒரே பிள்ளை அழகுராஜா, மூன்று வயது முடிந்தும் ஒரு சொல் பேசவில்லை. காது கேட்கும், கூப்பிட்டால் திரும்புவான், சிரிப்பான், அவள் வேலைக்குக் கிளம்பும்போது சேலையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுவான். மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினாள். “நாக்கு நல்லாயிருக்கும்மா, காது நல்லாயிருக்கு. சில பிள்ளைங்க லேட்டாப் பேசும். எப்ப வேணா ஆரம்பிக்கும்” என்று அவர் சொல்லி அனுப்பினார். அந்த ‘எப்ப வேணா’வைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வாழ்ந்தாள். காலையில் அவன் கண்விழிக்கும்போது எதிரே இருப்பாள், ஒருவேளை இன்றைக்கோ என்று. அவன் வாயிலிருந்து வருகிற முதல் சொல் அம்மாவாக இருக்க வேண்டும், அதைத் தான் கேட்க வேண்டும், அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

குழாயில் பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பயம். பெரியவர்கள் வாயில் ஏற்கெனவே ஆயிரம் சொல் கிடக்கிறது, இன்னொன்று வந்தால் ஏப்பமாய்ப் போய்விடும். பிள்ளையின் வாய் காலியாக இருக்கிறது, அதில் எது முதலில் விழுகிறதோ அதுவே தங்கிவிடும் என்று நினைத்தாள். இருநூற்றெண்பது ரூபாய்க் கூலியில் முப்பத்தைந்து ரூபாய்க்குக் கேன் வாங்கி அவனுக்கு மட்டும் கொடுத்தாள், தான் உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாள். குழாய் திறந்தால் அவன் காதைப் பொத்தி உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். “கலெக்டர் பிள்ளைக்குக் கேன் தண்ணி வந்தாச்சா?” என்று தெருவில் கேலி செய்தார்கள், அவளும் சிரித்துக்கொண்டாள். தன்னுடைய பச்சைக் குடத்தை மட்டும் தினமும் காலையில் வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். என்றைக்காவது நிஜத் தண்ணீர் வந்தால் இடம் இருக்க வேண்டுமே. ஆள் இல்லாத குடத்தைப் பின்னால் நிற்பவர் பிடித்து வைக்க வேண்டும் என்பது எங்கள் குழாயடி வழக்கம், எவ்வளவு சண்டை போட்டாலும் அந்த வழக்கத்தை மட்டும் யாரும் மீறியதில்லை.

ஆடி மாதம் மாவட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதினைந்தாம் தேதிக்குள் பட்ஜெட் நிறைவேறாவிட்டால் மன்றம் கலைக்கப்படும் என்று இருந்தது. ஐந்து மாதம் ஊர் நாக்கு வறண்டு கிடந்தபோது நகராதவர்களுக்கு, நாற்காலி ஆடியதும் கால் முளைத்தது. பதிமூன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குத் தனுஷ்கோடியும் வன்னியராஜும் தலைவர் அறையில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, போனை அணைத்து, பியூனை வெளியே அனுப்பிவிட்டு, மூன்று மணி நேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

அந்த நேரத்தில் சமுத்திரம் வால்வைத் திறக்கவில்லை, சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. பூட்டிய அறையில் பேசியது பூட்டிய வால்வு வழியாகவே வந்தது. இதுவரை வந்த பேச்செல்லாம் மைக்கில் கத்திய பேச்சு, அது காதிலும் விழுந்தது, நாறவும் செய்தது. இதற்குச் சத்தமே இல்லை, வாடையும் இல்லை. தெளிவாக, குளிர்ச்சியாக, கம்பிபோல் இறங்கியது. வெயிலில் பளபளத்தது. ஜக்கம்மா வாசலில் அழகுராஜாவை வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள், மாரீஸ்வரி வேலைக்குப் போகும் நாளெல்லாம் பிள்ளை அவளிடம்தான். பளபளப்பைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கையை நீட்டினாள், கை நனைந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு தண்ணீர் வந்துவிட்டது என்று அந்த மனுஷி அழுதேவிட்டாள். தன் குடத்தைப் பிடித்தாள், வழக்கப்படி முன்னால் நின்ற பச்சைக் குடத்தையும் பிடித்தாள், சொம்பில் மொண்டு தான் குடித்தாள், மீதியைப் பிள்ளைக்குக் கொடுத்தாள். அவன் இரண்டு டம்ளர் குடித்தான்.

சாயங்காலம் மாரீஸ்வரி வந்தபோது ஜக்கம்மா தெருவிலேயே நிறுத்திச் சொன்னாள்.

“ஏத்தா, தண்ணி வந்திருச்சு. நல்ல தண்ணி. ஒம்பிள்ளைக்குக் குடுத்தேன், ஆசையாக் குடிச்சான்.”

“எத்தன மணிக்கு வந்துச்சுக்கா?”

“உச்சியில. நம்ம குழாயில மட்டுந்தான் வந்துச்சு போல. வாயி கொஞ்சம் கசந்துச்சு, ஏப்பம் விட்டேன், சரியாப் போச்சு.”

மாரீஸ்வரி பச்சைக் குடத்தின் வாயில் காதை வைத்தாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அடியில், ரொம்ப அடியில், இரண்டு ஆம்பிளைகள் அண்ணன் தம்பிபோல் குழைந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். பிள்ளை பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான், அவளைப் பார்த்தான், வாயைத் திறந்தான்.

“காயிதத்துல ரெண்டு மோட்டார். ஆத்துல ஒரு மோட்டார் போதும்” என்றான்.

மூன்று வருஷம் அவள் காத்திருந்த குரல் அது. மெல்லிய, கொஞ்சம் கரகரப்பான, அவ்வளவு அழகான குரல். “ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எங்களுக்கு” என்று அந்தக் குரல் தொடர்ந்தது. “லாரி உங்களோடது, கேன் எங்களோடது, மூணு வருசத்துக்கு அதுல கைவைக்கப்படாது. கல்வெட்டுல ரெண்டு பக்கமும் எழுதிக்கிருவோம். வெளிய நாம அடிச்சுக்கிட்டேதான் இருக்கணும்.” அவள் அவனைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள், விரலைத் தொண்டைக்குள் விட்டு வாந்தியெடுக்க வைத்தாள், கேன் தண்ணீரால் நாக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஜக்கம்மா வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளை அழுதான், அழுதபடியே, “பத்துக்கு ரெண்டு ஆபீசருக்கு” என்றான்.

“எனக்கு இது வேண்டாம்க்கா” என்றாள் மாரீஸ்வரி. “அவங்க பேசுனது அவங்களுக்கே போகட்டும். கொண்டுபோயி அவங்க எடத்துலயே எறக்கி வச்சிட்டு வந்திர்றேன். எறங்கிட்டா எம்பிள்ள வாயி காலியாயிரும், பெறகு அவன் பேச்ச அவன் பேசுவான்.”

மறுநாள் காலை பத்தரைக்குப் பட்ஜெட் கூட்டம். சமரசம் ஏற்பட்டுவிட்டது என்று ஊருக்கெல்லாம் தெரிந்து, பார்வையாளர் பெஞ்சில் இடமில்லாமல் நாங்கள் சுவரோரம் நின்றோம். இரண்டு மேஜையிலும் மாலை, எல்லார் கையிலும் வடை. தனுஷ்கோடி வன்னியராஜை ‘என் அருமைச் சகோதரர்’ என்றார், வன்னியராஜ் தனுஷ்கோடியை ‘ஊர் நலனுக்காக விட்டுக்கொடுத்த பெருந்தகை’ என்றார். மோட்டார் இரண்டு, எழுபத்தாறு லட்சம் என்று ஆணையர் வாசிக்க ஆரம்பித்தபோது மாரீஸ்வரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவழியாக வந்தாள். அவளுக்குக் கூச்சம், முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். இரண்டு கட்சிக்கும் நடுவில் இருந்த மேஜையில் பிள்ளையை நிற்க வைத்தாள்.

“அண்ணாச்சி, உங்களோடது ஒண்ணு எம்பிள்ளகிட்ட வந்திருச்சு” என்றாள். “திருப்பிக் குடுத்துட்டுப் போயிர்றோம்.” சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்து பெஞ்சோரம் நின்றாள்.

பிள்ளை பேசினான். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை, யார் எவ்வளவு, எப்போது, எந்தப் பெயரில், ஒன்றும் விடாமல், தடுமாறாமல், மூன்று மணி நேரப் பேச்சின் சாரத்தைக் கால்மணி நேரத்தில் இறக்கி வைத்தான். யாரும் தடுக்கவில்லை. இருபத்துநாலு பேரும் வடையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பத்திரிகைக்காரர் இருவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினார்கள். பேசி முடித்ததும் அவனுக்கு ஒரு பெரிய ஏப்பம் வந்தது. பிறகு அவன் சுற்றிலும் பார்த்தான், அத்தனையும் தெரியாத முகம், உதடு பிதுங்கியது, கூட்டத்தில் அவளைத் தேடி, கண்டுபிடித்து, இரண்டு கையையும் நீட்டி, “அம்மா” என்றான்.

நாங்கள் எல்லோரும் கேட்டோம். யாரும் சொல்லிக்கொடுத்த சொல் இல்லை, எந்தக் குழாயிலும் வந்ததில்லை, அது அவனுடையது. மாரீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மேஜைக்குப் போய்ச் சேர ஐந்தாறு அடி இருந்தது, அதற்குள் தனுஷ்கோடி எழுந்துவிட்டார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

“இக்குழந்தை இம்மன்றத்தில் பேசியது முழுவதும் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது” என்றார்.

“வழிமொழிகிறேன்” என்றார் வன்னியராஜ்.

இருபத்துநாலு கையும் உயர்ந்தன. டீயும் வடையும் தவிர எங்கள் மன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம் அதுதான், இரண்டாவது தீர்மானம் பட்ஜெட். எல்லாம் சேர்ந்து ஆறு நிமிஷம் ஆனது. தண்ணீர் வரப்போகிறது என்று நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன். அந்தக் கையை இன்றைக்கு எதில் கழுவுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் பிள்ளையைக் கீழே இறக்கி, முகத்தைத் துடைத்து, “இன்னொரு தரம் சொல்லுய்யா” என்றாள். அவன் சிரித்தபடி வாயைத் திறந்தான். உதடு ஒட்டியது, பிரிந்தது. சத்தம் வரவில்லை. அவன் மறுபடியும் முயன்றான், அவன் சொல்லிக்கொண்டுதான் இருந்தான், அவனுக்கே வித்தியாசம் தெரியவில்லை. ஜக்கம்மாதான் முதலில் புரிந்துகொண்டாள், மன்றம் சொல்லை நீக்கிய அன்றைக்கு நாலு விரல் இறங்கியது அவளுடைய குடம்தானே. அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆவணி கடைசியில் ஒரு மோட்டார் வந்தது. தண்ணீரும் வந்தது, நல்ல தண்ணீர், பிடித்தோம், குடித்தோம், முருங்கை தழைத்தது, ஆடுகள் ரோட்டைவிட்டு இறங்கின. வடக்குத் தொட்டிக் கல்வெட்டில் முன்பக்கம் ஒருவர் பெயரும் பின்பக்கம் இன்னொருவர் பெயரும் இருக்கின்றன, எது முன்பக்கம் என்பதில் மட்டும் இன்னும் தகராறு.

அவைக்குறிப்புப் புத்தகம் கிளார்க் பாக்கியநாதனிடம் இருக்கிறது. மாரீஸ்வரி அவரிடம் போனாள். அவர் நல்ல மனிதர், பீரோவைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினார். கறுப்பு மையால் பதினாலு வரி அடித்திருந்தது.

“சார், மொத்தமும் எனக்கு வேண்டாம். கடைசிச் சொல்லு மட்டும் எடுத்துக் குடுங்க” என்றாள்.

“எங்கையில இல்லம்மா. மன்றம் நீக்குனத மன்றம்தான் திருப்பித் தரணும். மனு எழுதிக் குடு, கூட்டத்துல வைக்கிறேன்.”

“அவங்களுக்கு அதால ஒரு நட்டமும் இல்லையே சார்?”

“இல்லதான்” என்றார் அவர். “அதனாலதாம்மா பயமா இருக்கு.”

மனுவை அவரே எழுதிக் கொடுத்தார். ஐப்பசிக் கூட்டத்தில் அது நாற்பத்துமூன்றாவது பொருளாக வந்தது. ஒன்பதாவது வார்டு எங்கள் வார்டு, தீர்மானத்தை நாங்கள்தான் கொண்டுவருவோம் என்றது ஏணிக் கட்சி. நீக்கச் சொன்னதே உங்கள் தலைவர், திருப்பித் தருகிற பெயர் எங்களுக்குத்தான் என்றது குடைக் கட்சி. பன்னிரண்டு கை இந்தப் பக்கம், பன்னிரண்டு கை அந்தப் பக்கம். குடைக் கட்சி வெளிநடப்புச் செய்தது, பொருள் ஒத்திவைக்கப்பட்டது, எல்லோரும் சன்னாசி கடைக்குப் போனார்கள்.

அதிலிருந்து பதினேழு கூட்டம் ஆகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் அவள் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறாள், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்வையாளர் பெஞ்சில் உட்காருகிறாள். அவனுக்கு இப்போது ஐந்து வயதாகப் போகிறது. நாற்பத்துமூன்றாவது பொருள் வருவதற்குள் அவனுக்குச் சலித்துவிடும், அவள் தாடையைத் தொட்டுத் திருப்பி, வாயைத் திறப்பான், உதடு ஒட்டும், பிரியும். அங்கே கத்துகிற கத்தலில் எங்களுக்கு எதுவும் கேட்காது. அவள் மட்டும் ஒவ்வொரு தடவையும் குனிந்து, “என்னய்யா” என்கிறாள்.